கணினிக்கு எந்த ஊர் நேரம்?

எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி வட்டார அளவிலான போட்டி ஒன்றுக்காக எங்கள் ஊர் ஏரியைப் பற்றிக் காட்சிப்படம் ஒன்று செய்திருந்தாள். மொத்தம் பன்னிரண்டு பக்கம். மதகு, கலிங்கு, கரையில் நிற்கும் பனைமரங்களின் எண்ணிக்கை வரை அதில் இருந்தது. போட்டிக்கு ஒரு நிபந்தனை உண்டு. படைப்பைப் பள்ளிக் கணினி ஆய்வகத்தில் மாணவரே செய்திருக்க வேண்டும். அதற்குப் பொறுப்பாசிரியர் கையொப்பமிட்டுச் சான்று தர வேண்டும். அந்தப் பொறுப்பாசிரியர் நான்.

மாலை பள்ளி விட்டபின், கையொப்பமிடும் முன் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று ஏழாம் எண் கணினியில் கோப்புப் பட்டியலைத் திறந்தேன். கோப்பு கடைசியாகச் சேமிக்கப்பட்ட நேரம் அன்று காலை 5.15 என்று இருந்தது. எங்கள் பள்ளியின் கேட் திறப்பதே எட்டரை மணிக்குத்தான். ஒரு கோப்பைப் பென்டிரைவில் எடுத்து இன்னொரு கணினியில் போட்டால் பழைய நேரமும் கூடவே வரும் என்பது எனக்குத் தெரியும். அந்த மாணவியின் அண்ணன் பொறியியல் படிக்கிறான் என்பதும் தெரியும். இரண்டையும் சேர்த்து மனத்துக்குள் ஒரு முடிவு கட்டிவிட்டேன்.

“வீட்டுல அண்ணன் செஞ்சு குடுத்தாராம்மா?” என்று கேட்டேன்.

“இல்ல சார். இன்னிக்கு ரெண்டாவது பீரியட் முடிஞ்சு இங்க உக்காந்துதான் சார் முடிச்சேன்.”

“அப்புறம் ஏன் விடியக்காலம் அஞ்சேகால்னு காட்டுது?”

அவள் கண் கலங்கிவிட்டது. சொன்னது ஒன்றே ஒன்றுதான்: “அந்தக் கம்ப்யூட்டர்ல மணி எப்பவுமே தப்பாத்தான் சார் காட்டும்.”

அதைச் சாக்காகத்தான் எடுத்துக்கொண்டேன். நல்லவேளையாக எங்கள் கணித ஆசிரியை அப்போது ஆய்வகத்தைப் பூட்ட வந்தார். திரையின் மேலே இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். திரையில் 10.50. கையில் மாலை 4.20. “சார், கடிகாரம் கண்டபடி ஓடியிருந்தா இவ்வளவு துல்லியமா அஞ்சரை மணி நேரம் வித்தியாசம் வராது. இது கிரீன்விச் நேரம்” என்றார். 82½ பாகை கிழக்குத் தீர்க்கக்கோட்டைப் பதினெட்டு ஆண்டுகளாகக் கரும்பலகையில் வரைந்துவரும் சமூக அறிவியல் ஆசிரியன் நான். எனக்கு அது தோன்றவில்லை.

காலை 5.15உடன் ஐந்தரை மணியைக் கூட்டினால் 10.45. இரண்டாம் பாடவேளை முடிந்த நேரம்.

அந்தக் கணினியில் ஓடுவது லினக்ஸ். யூனிக்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த இயங்குதளம். கணக்குப் போட்டுச் சமாதானம் அடைவதோடு நிற்காமல், கணித ஆசிரியை கடிகாரத்தைத் தொடாமலே ஒரே ஒரு அமைப்பை மட்டும் மாற்றினார். மூலையில் இருந்த கடிகாரம் 4.25 ஆனது. கோப்புப் பட்டியலை மறுபடி திறந்தோம். அதே கோப்புக்கு நேராகக் காலை 10.45 என்று இருந்தது. கோப்பை யாரும் தொடவில்லை, திருத்தவில்லை. ஆனாலும் நேரம் சரியாகிவிட்டது. எப்படி என்பதைத்தான் சக ஆசிரியர்களுக்கு எழுத நினைத்தேன். ஆய்வகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு இது நேரடியாகப் பயன்படும். மற்றவர்களுக்கு ஒரு நல்ல புவியியல் பாடமும் கணக்குப் பாடமும் இதற்குள் இருக்கின்றன.

கணினிக்குள் ஓடும் விநாடிகள்

நாம் நேரம் என்றால் “காலை பத்தே முக்கால்” என்கிறோம். யூனிக்ஸ் அப்படி நினைவில் வைப்பதில்லை. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் 1969இல் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் தொடங்கிய வேலை அது. அதில் நிலைபெற்ற ஏற்பாடு இதுதான்: 1970 ஜனவரி 1, யுடிசி எனப்படும் உலகப் பொது நேரப்படி நள்ளிரவு 12 மணி தொடங்கி எத்தனை விநாடி கழிந்தது என்ற ஓர் எண்ணை மட்டும் கணினி வைத்துக்கொள்ளும். அந்த எண் ஏறிக்கொண்டே போகும். 2023 நவம்பர் 15 அதிகாலை நம் நேரப்படி 3.43க்கு அது 170 கோடியைத் தாண்டியது. கோப்பைச் சேமிக்கும்போது கணினி எழுதிக்கொள்வதும் இந்த எண்ணையே. அதில் ஊரும் இல்லை, காலை மாலையும் இல்லை.

நாம் நேரத்தைக் கேட்கும்போதுதான் ஊர் உள்ளே வருகிறது. “இந்தக் கணினி எந்த ஊரில் இருக்கிறது?” என்று ஓர் அமைப்பைப் பார்த்து, அந்த ஊர்க் கணக்குப்படி எண்ணை மணியாக மாற்றித் திரையில் காட்டும். அந்த அமைப்புக்குத்தான் நேர மண்டலம் என்று பெயர். சுவரில் தொங்கும் கடிகாரத்தில் முள்ளும் எண்களும் ஒன்றோடொன்று கட்டப்பட்டவை. யூனிக்ஸில் ஓடுவது ஒன்று, காட்டுவது இன்னொன்று.

ஏன் இப்படிப் பிரித்தார்கள் என்றால், யூனிக்ஸ் ஒருவர் மட்டும் உட்கார்ந்து பயன்படுத்தும் பெட்டிக்காக எழுதப்பட்டதல்ல. ஒரு பெரிய கணினி, அதனோடு இணைந்த பல முனையங்கள், வெவ்வேறு இடங்களில் இருந்து வேலை செய்யும் பலர் என்பதே அதன் உலகம். ஒருவருக்கு லண்டன் நேரம் வேண்டும், இன்னொருவருக்கு டோக்கியோ நேரம் வேண்டும் என்றால் கடிகாரத்தை எந்தப் பக்கம் திருப்புவது? ஆகவே கடிகாரம் எல்லாருக்கும் பொது. காட்டும் விதம் மட்டும் அவரவருக்கு.

உங்கள் கைப்பேசியில் எப்போதாவது ஒரு படமோ கோப்போ 01-01-1970, காலை 5.30 என்ற தேதியோடு தெரிந்திருக்கலாம். நாம் யாரும் 1970இல் கைப்பேசியில் படம் எடுக்கவில்லை. அந்தக் கோப்புக்கு நேரம் எழுதப்படாமல் பூஜ்யம் என்று இருக்கிறது. பூஜ்யம் விநாடி என்பது இந்தியாவில் அன்று காலை ஐந்தரை மணி. ஆண்ட்ராய்டின் அடித்தளத்தில் இருப்பதும் லினக்ஸே.

இப்போது ஏழாம் எண் கணினிக்கு வருவோம். ஏதோ கோளாறு என்று சில மாதங்களுக்கு முன் அதில் லினக்ஸை மறுபடி நிறுவியிருந்தார்கள். நிறுவும்போது ஊரைக் கேட்கும் திரை ஒன்று வரும். அதைக் கவனிக்காமல் தாண்டியிருக்கிறார்கள். ஊர் எது என்று தெரியாவிட்டால் லினக்ஸ் உலகப் பொது நேரத்தையே காட்டும். உள்ளே ஓடிய எண் ஒரு விநாடிகூடத் தவறவில்லை. இணையத்தோடு இணைந்து அது தன்னைச் சரிபார்த்துக்கொண்டே இருந்தது. காட்டியதுதான் தவறு. ஊரைச் சொன்னதும் பழைய கோப்புகள் உட்பட எல்லாம் சரியாகிவிட்டன.

மாறாக, “மணி தப்பாக இருக்கிறது” என்று யாராவது கடிகாரத்தையே ஐந்தரை மணி நேரம் முன்னே தள்ளியிருந்தால்? திரையில் மணி சரியாகத் தெரிந்திருக்கும். ஆனால் உள்ளே எண் பொய்யாகியிருக்கும். மாணவியின் கோப்பு காலை 5.15 என்றே நின்றிருக்கும். கடிகாரம் சரியாக இருப்பதால் என் சந்தேகமும் உறுதிப்பட்டிருக்கும். அவள் சொன்னதை நிரூபிக்க எதுவும் மிஞ்சியிருக்காது. எத்தனையோ ஆய்வகங்களில் நல்லெண்ணத்தோடு செய்யப்படும் திருத்தம் இதுவே என்பதால் அழுத்திச் சொல்கிறேன். இணையத்தில் இணைந்த கணினி என்றால் இன்னொரு தொல்லையும் உண்டு. அது தானாகச் சரியான நேரத்தை வாங்கி நம் திருத்தத்தை அழித்துவிடும். மறுநாள் மணி மறுபடி ஐந்தரை மணி நேரம் பின்னால் நிற்கும். மாணவர்கள் அதைப் பார்த்துப் பார்த்து, “எப்பவுமே தப்பாத்தான் காட்டும்” என்று பழகிவிடுவார்கள்.

சோதிப்பதும் மாற்றுவதும்

கட்டளைகளை இங்கே தமிழ் ஒலியில் எழுதுகிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும்.

கண்ட்ரோல், ஆல்ட், டி ஆகிய மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்தினால் பெரும்பாலான லினக்ஸ் கணினிகளில் கட்டளைச் சாளரம் திறக்கும். அதில் ‘டேட்’ என்று தட்டி என்டர் கொடுங்கள். நாள், மணி, கடைசியில் மண்டலத்தின் சுருக்கெழுத்து வரும். ஐஎஸ்டி என்று இருந்தால் இந்திய நேரம். யுடிசி என்று இருந்தால் எங்கள் ஏழாம் எண் கணினிக்கு வந்த வியாதி உங்கள் கணினிக்கும் இருக்கிறது. அடுத்து, ‘டேட்’ தட்டி, ஓர் இடைவெளி விட்டு, சிறுகோடும் சின்ன ‘யு’ எழுத்தும் சேர்த்துத் தட்டினால் உலகப் பொது நேரம் தெரியும். அதற்கும் உங்கள் கைக்கடிகாரத்துக்கும் சரியாக ஐந்தரை மணி நேர இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கடிகாரம் சரி. அதை எக்காரணம் கொண்டும் தொட வேண்டாம்.

புதிய லினக்ஸ் அமைப்புகளில் ‘டைம்டேட்சிடிஎல்’ என்ற கட்டளை எல்லாவற்றையும் ஒரே இடத்தில் காட்டும். நேரம், தேதி ஆகியவற்றுக்கான ஆங்கிலச் சொற்களைச் சேர்த்து எழுதி, பின்னால் சி, டி, எல் என்று மூன்று எழுத்து. நடுவில் இடைவெளி கிடையாது. உள்ளூர் நேரம், உலகப் பொது நேரம், கணினியின் பலகையில் மின்கலத்தால் ஓடும் கடிகாரத்தின் நேரம், மண்டலத்தின் பெயர் எல்லாம் வரிசையாக வரும். மண்டலத்தை மாற்ற: முதலில் ‘சூடோ’, பிறகு ‘டைம்டேட்சிடிஎல்’, பிறகு ‘செட்-டைம்சோன்’, கடைசியில் ‘ஏசியா/கொல்கத்தா’. ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஓர் இடைவெளி. செட்டுக்கும் டைம்சோனுக்கும் நடுவில் சிறுகோடு. ஏசியாவுக்கும் கொல்கத்தாவுக்கும் நடுவில் சாய்கோடு, அங்கே இடைவெளி இல்லை. ஏசியா, கொல்கத்தா இரண்டின் முதல் எழுத்தும் பெரிய எழுத்தாக இருக்க வேண்டும். யூனிக்ஸ் சின்ன எழுத்தையும் பெரிய எழுத்தையும் வேறு வேறாகப் பார்க்கும். நிர்வாகக் கடவுச்சொல்லைக் கேட்கும். கொடுத்தால் முடிந்தது. ஏற்கெனவே திறந்திருக்கும் மென்பொருள்கள் பழைய மண்டலத்தையே பிடித்துக்கொண்டிருக்கலாம் என்பதால் ஒருமுறை கணினியை மறுதொடக்கம் செய்வது நல்லது. கட்டளை வேண்டாம் என்பவர்கள் அமைப்புகள் பகுதியில் தேதி-நேரம் பக்கத்தைத் திறந்து, நேர மண்டலம் என்ற இடத்தில் கொல்கத்தாவைத் தேர்ந்தெடுத்தாலும் இதே வேலை நடக்கும்.

உள்ளே நடப்பது மிக எளிது. ‘ஈடிசி’ என்ற கோப்புறைக்குள் ‘லோக்கல்டைம்’ என்று ஒரு பெயர் இருக்கிறது. பெரும்பாலான லினக்ஸ் கணினிகளில் அது தனிக் கோப்பு அல்ல, ஒரு கைகாட்டி. உலகின் நேர மண்டலங்களுக்கான கோப்புகள் கணினியில் ஏற்கெனவே ஒரு மூலையில் அடுக்கப்பட்டிருக்கின்றன. கைகாட்டி அவற்றுள் எதை நோக்கித் திரும்பியிருக்கிறதோ, அதுதான் உங்கள் மண்டலம். நாம் மாற்றியது கைகாட்டியின் திசையை மட்டுமே.

கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் விழும் குழிகள் இரண்டு. கணினியில் ‘டிஇசட்’ என்று ஒரு மாறி உண்டு. மண்டலத்தை அதில் எழுதி, ஒரு பயனருக்கு மட்டுமோ ஒரு கட்டளைக்கு மட்டுமோ மாற்றலாம். அதில் வெறுமனே ஐஎஸ்டி என்று எழுதினால் வேலை செய்யாது. இந்தியா, அயர்லாந்து, இஸ்ரேல் மூன்றுமே இந்த மூன்றெழுத்தைப் பயன்படுத்துகின்றன. கணினிக்கு அது ஓர் ஊரே அல்ல. எழுத்து ஐஎஸ்டி என்று வரும், நேரம் உலகப் பொது நேரமாக இருக்கும். மிகவும் ஏமாற்றக்கூடிய நிலை இது. இன்னொரு குழி கூட்டல் குறி. நாம் கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி முன்னே என்பதால் ஐஎஸ்டி+5:30 என்று எழுதத் தோன்றும். யூனிக்ஸின் பழைய மரபில் அந்தக் குறி தலைகீழ்: கூட்டல் என்றால் கிரீன்விச்சுக்கு மேற்கே. அப்படி எழுதினால் நேரம் பதினோரு மணி நேரம் பின்னால் போய்விடும். ஏசியா/கொல்கத்தா என்று ஊரைச் சொல்லிவிட்டால் இந்த இரண்டு தொல்லையும் இல்லை.

ஒரே கணினியில் இரண்டு இயங்குதளம்

சில கணினிகளில் விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்தே இருக்கும். அவற்றில் மண்டலம் சரியாக இருந்தும் ஐந்தரை மணி நேரக் குழப்பம் வரும். காரணம், மின்கலத்தால் ஓடும் பலகைக் கடிகாரம். அதில் இருப்பது உள்ளூர் நேரம் என்று விண்டோஸ் வழக்கமாக எடுத்துக்கொள்ளும்; உலகப் பொது நேரம் என்று லினக்ஸ் எடுத்துக்கொள்ளும். விண்டோஸ் அதில் மாலை 3 மணி என்று எழுதி அணைந்தால், அடுத்து எழும் லினக்ஸ் ஐந்தரையைக் கூட்டி இரவு எட்டரை என்று காட்டும். இணையம் இருந்தால் லினக்ஸ் தன்னைத் திருத்திக்கொண்டு பலகைக் கடிகாரத்தில் உலகப் பொது நேரத்தை எழுதும். பிறகு விண்டோஸ் ஐந்தரை மணி பின்னால் போகும். ஒருவர் எழுதியதை இன்னொருவர் தவறாகப் படிக்கிறார், அவ்வளவுதான்.

தீர்வு, இருவரையும் ஒரே வழக்கத்துக்குக் கொண்டுவருவது. ‘சூடோ’ சேர்த்து, ‘டைம்டேட்சிடிஎல்’ கட்டளையோடு ‘செட்-லோக்கல்-ஆர்டிசி’ என்றும், இடைவெளி விட்டு 1 என்றும் கொடுத்தால் லினக்ஸும் பலகைக் கடிகாரத்தை உள்ளூர் நேரமாகவே படிக்கும். பிறகு ‘டைம்டேட்சிடிஎல்’ பார்க்கும்போதெல்லாம் கணினி ஓர் எச்சரிக்கை காட்டும், பயப்பட வேண்டாம். கோடையில் ஒருமுறை, குளிர்காலத்தில் ஒருமுறை கடிகாரத்தை மாற்றும் நாடுகளிலும், மண்டலம் விட்டு மண்டலம் போகும் கணினிகளிலும் இந்த ஏற்பாடு சிக்கல் தரும். நம் ஆய்வகக் கணினி மேசையை விட்டு நகராது. நம் நாட்டில் கோடை நேரமும் இல்லை.

வித்தியாசம் ஐந்தரை மணியாக இல்லாமல் சில ஆண்டுகள் என்று இருந்தால் அது மண்டலப் பிரச்சினையே அல்ல. பலகையில் உள்ள நாணய அளவு மின்கலம் தீர்ந்திருக்கும். பாதுகாப்பான இணையதளங்கள் திறக்க மறுப்பதும் அப்போதுதான். மின்கலத்தை மாற்றினால் போதும்.

பென்டிரைவ் பற்றியும் ஓர் எச்சரிக்கை. கணினியின் வட்டில் லினக்ஸ் எழுதும் நேரம் விநாடி எண்ணாக இருப்பதால் மண்டலத்தை மாற்றியதும் சரியாகிறது. ஃபேட் எனப்படும் பழைய அமைப்பில் உள்ள பென்டிரைவ், அந்த நேரத்தில் திரையில் தெரிந்த மணியை ஊர் பேர் இல்லாமல் அப்படியே எழுதிக்கொள்ளும். அது பின்னால் தானாகச் சரியாகாது. ஒரு கோப்பின் நேரத்தை வைத்து மாணவரிடம் கேள்வி கேட்க நேர்ந்தால், கோப்பு உருவான கணினியிலேயே ‘ஸ்டாட்’ என்று தட்டி, இடைவெளி விட்டுக் கோப்பின் பெயரைக் கொடுத்துப் பாருங்கள். மணியோடு +0530 என்றோ +0000 என்றோ மண்டலமும் சேர்ந்து வரும். நான் அன்று அதைப் பார்த்துவிட்டுப் பேசியிருக்க வேண்டும்.

எண் வேண்டாம், ஊர் சொல்லுங்கள்

ஏன் கொல்கத்தா, ஏன் டெல்லி இல்லை, சென்னை இல்லை என்று மாணவர்கள் கேட்பார்கள். இந்த மண்டலப் பட்டியலை ஆர்தர் டேவிட் ஓல்சன் என்பவர் 1980களில் தொடங்கினார். இன்று ஐஏஎன்ஏ என்ற இணைய அமைப்பின் பொறுப்பில், தன்னார்வலர்களின் உழைப்பில் நடக்கிறது. தலைநகரின் பெயரை வைக்க வேண்டும் என்பது அதில் விதியல்ல. மக்கள் மிகுந்த பெருநகரையே பொதுவாக எடுப்பார்கள். சீனாவுக்கு பெய்ஜிங் இல்லை, ஷாங்காய். அமெரிக்கக் கிழக்குக் கரைக்கு வாஷிங்டன் இல்லை, நியூயார்க். கல்கத்தா என்று இருந்த பெயர் பிறகு கொல்கத்தா ஆனது. பழைய பெயரைச் சொன்னாலும் கணினி புரிந்துகொள்ளும்.

ஐந்தரை என்று எண்ணைச் சொன்னால் போதாதா? பக்கத்திலேயே பதில் இருக்கிறது. இலங்கை 1996 மே மாதம் வரை நம்மைப் போலவே ஐந்தரை மணி முன்னே இருந்தது. அந்த மாதம் ஆறரைக்கு மாறியது. அதே ஆண்டு அக்டோபரில் ஆறுக்கு இறங்கியது. 2006 ஏப்ரலில் மறுபடி ஐந்தரைக்கே வந்தது. எண்ணை எழுதி வைத்த கணினியை ஒவ்வொரு முறையும் தேடிப்போய் மாற்ற வேண்டும். 2000இல் எழுதிய கோப்புக்கு இன்று தவறான மணி காட்டும். ஏசியா/கொழும்பு என்று ஊரைச் சொன்ன கணினிக்குப் பட்டியல் புதுப்பிக்கப்பட்டாலே போதும். எந்த நாளுக்கு எந்தக் கணக்கு என்பதை அது தேதிவாரியாக வைத்திருக்கும்.

இந்தத் தேதிவாரிக் கணக்கு நம் ஊருக்கும் உண்டு. என்னை ஒருநாள் முழுக்க உட்கார வைத்தது இதுதான். ‘இசட்டம்ப்’ என்ற கட்டளை. அதாவது இசட் எழுத்தோடு டம்ப் என்ற சொல். இடைவெளி, சிறுகோடு, சின்ன ‘வி’, இடைவெளி, ஏசியா/கொல்கத்தா. என்டர் கொடுத்தால் வரிசையாகப் பல வரிகள் வரும். அவற்றில் எம்எம்டி என்ற சுருக்கெழுத்தைத் தேடுங்கள். அது மதராஸ் நேரம்.

நுங்கம்பாக்கத்தில் 1792இல் கிழக்கிந்தியக் கம்பெனி அமைத்த வானியல் கூடத்தின் நேரமே மதராஸ் நேரம். அந்தக் கூடத்தின் கருங்கல் தூண், தமிழ் எழுத்துப் பொறிப்போடு இன்றும் அங்குள்ள வானிலை ஆய்வு மைய வளாகத்தில் நிற்கிறது. ரயில் பாதைகள் நீண்டபோது நாடு முழுவதும் ரயில்கள் மதராஸ் நேரப்படியே ஓடின. கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் 10 விநாடி முன்னே என்று கணினியின் பட்டியல் அதைக் குறித்து வைத்திருக்கிறது. 1906 ஜனவரி 1 முதல் இந்தியத் திட்ட நேரம் வந்தது. அதையும் கணினி காட்டும்: 1905 டிசம்பர் 31 இரவு 11 மணி 59 நிமிடம் 59 விநாடிக்கு அடுத்த விநாடி, 12 மணி 8 நிமிடம் 50 விநாடி. எட்டு நிமிடம் ஐம்பது விநாடி தாவல்.

அதற்குக் கீழே போர்க்காலம் வரும். இரண்டாம் உலகப்போரின்போது 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் நடுவரை நம் கடிகாரங்கள் ஆறரை மணி முன்னே ஓடின. அந்த ஆண்டுகளில் பிறந்தவர்களுக்கு ஜாதகம் கணிப்பவர்கள் ஒரு மணி நேரத்தைக் கழிப்பது இதனால்தான். சோதிடரின் கணக்கும் லினக்ஸின் கணக்கும் ஒத்துப்போகும் இடம் எனக்குத் தெரிந்து இது ஒன்றே.

வகுப்பில் செய்தவை

பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுழல்கிறது. ஒரு பாகைக்கு 4 நிமிடம். இதைப் புத்தகத்தில் இருந்து சொல்லும்போது மாணவர்கள் தலையாட்டுவார்கள். கணினியை வைத்துச் செய்தபோது கேள்வி கேட்டார்கள். மிர்சாபூர் வழியாகப் போகும் 82½ பாகையை 4ஆல் பெருக்கினால் 330 நிமிடம், ஐந்தரை மணி. சென்னை ஏறக்குறைய 80¼ பாகை. பெருக்கினால் 321 நிமிடம், அதாவது 5 மணி 21 நிமிடம். கணினி காட்டிய மதராஸ் நேரம் அப்படியே வந்து நின்றது. கன்னியாகுமரி ஏறக்குறைய 77½ பாகை. அங்கே சூரியன் உச்சிக்கு வருவது மிர்சாபூரைவிட இருபது நிமிடம் பிந்தி என்பதை அவர்களே சொன்னார்கள்.

இன்னொன்று, ஒவ்வொரு கணினிக்கும் ஓர் ஊர் கொடுத்தது. ‘டிஇசட்’ என்று பெரிய எழுத்தில் தட்டி, சமக்குறி போட்டு, இடைவெளியில்லாமல் ஏசியா/டோக்கியோ, பிறகு இடைவெளி விட்டு ‘டேட்’. அந்த ஒரு முறைக்கு மட்டும் டோக்கியோ நேரம் காட்டும். கணினியின் மண்டலம் மாறாது, கடவுச்சொல்லும் வேண்டாம். சிங்கப்பூர், காத்மாண்டு, லண்டன், நியூயார்க் என்று பிரித்துக் கொடுத்தோம். காத்மாண்டுவுக்கு ஐந்தே முக்கால் மணி என்று வந்ததை முதலில் யாரும் நம்பவில்லை.

கணித ஆசிரியை செய்தது லீப் ஆண்டுப் பாடம். 1970 ஜனவரி 1 முதல் 2000 ஜனவரி 1 வரை எத்தனை நாள்? முப்பது ஆண்டு, நடுவில் ஏழு லீப் ஆண்டு, 10,957 நாள். ஒரு நாளுக்கு 86,400 விநாடி வீதம் பெருக்கினால் 94,66,84,800. விடை சரியா என்று கணினியையே கேட்கலாம். ‘டேட்’, இடைவெளி, சிறுகோடு, சின்ன ‘டி’, இடைவெளி, மின்னஞ்சல் முகவரியில் வரும் அந்தச் சுழிக்குறி, அதை ஒட்டியே காற்புள்ளிகள் இல்லாமல் எண். 2000 ஜனவரி 1, காலை 5.30 என்று வந்தால் பெருக்கல் சரி. நள்ளிரவு ஏன் வரவில்லை என்று ஒரு பையன் கேட்க, பின் வரிசையிலிருந்து நான்கைந்து பேர் சேர்ந்து பதில் சொன்னார்கள். பிறகு தங்கள் பிறந்தநாளுக்கு ஆளாளுக்கு எண் கண்டுபிடித்து நோட்டில் எழுதிக்கொண்டார்கள்.

மேல்வகுப்புக்கு 2038ஐக் கொடுக்கலாம். விநாடிகளை 32 பிட் இடத்தில் எழுதும் பழைய கணினிகளில் 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647க்கு மேல் எண்ண இடமில்லை. அந்த எண் நிறைவது 2038 ஜனவரி 19, நம் நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 விநாடிக்கு. இன்றைய கணினிகள் 64 பிட் என்பதால் அவற்றுக்குக் கவலை இல்லை. எங்கோ பழைய இயந்திரங்களுக்குள் புதைந்திருப்பவைதான் பிரச்சினை.

சான்றிதழில் அன்று மாலையே கையொப்பமிட்டேன். மறுநாள் காலை எட்டாம் வகுப்பில், முந்தைய மாலை அவளிடம் நான் கேட்டது தவறு என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். பிறகு ஏழாம் எண் கணினியைச் சுற்றி அனைவரையும் நிற்க வைத்து, நுங்கம்பாக்கம் வரிகளைக் காட்டினேன். அவள்தான் கேட்டாள்: “அப்ப அன்னிக்கு ராத்திரி பன்னண்டு மணி அஞ்சு நிமிஷத்துக்கு யாருமே பொறந்திருக்க மாட்டாங்களா சார்?” கணினியின் கணக்குப்படி அப்படி ஒரு நேரமே இல்லை என்றேன். ஊரில் அன்று கடிகாரம் வைத்திருந்தவர்கள் எத்தனை பேர் என்று அடுத்த கேள்வி வந்தது. மணி அடித்துவிட்டது.